நாச்சியம்மாள் வீட்டு ரேடியோ

டெம்போவிலிருந்து அந்த ரேடியோவை இறக்கியபோதே அம்புஜத்துக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. எலிப் புழுக்கை நாற்றம் தாங்காமல்தான் மாமியார் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்று மருமகள் நினைத்தாள். எலி என்ன பாவம் செய்தது? இருட்டாக ஒரு இடம் கிடைத்தது, குட்டி போட்டது, போய்ச் சேர்ந்தது. அம்புஜத்துக்குக் குமட்டியது வேறு சங்கதி.

"நாயனாவோட ரேடியோம்மா" என்றான் மகன் சசிதர். சட்டையெல்லாம் ஒட்டடை. முகமெல்லாம் சிரிப்பு. "கிணத்துக்கடவுத் தோட்டத்துல மோட்டார் ரூமுக்குள்ள கெடந்துச்சு. சாக்கைப் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. இந்த மாதிரி வால்வு ரேடியோ இப்பத் தேடுனாலும் கெடைக்காது. புது ஊட்டு ஹால்ல வெச்சா எப்படி இருக்கும்னு பாரு."

எப்படி இருக்கும்? சாக்கடையை வாரி நடுக்கூடத்தில் ஊற்றினது மாதிரி இருக்கும். அம்புஜம் அதைச் சொல்லவில்லை. "அது பாட்டுக்குத் தோட்டத்துச் சாளையிலியே கெடந்துட்டுப் போகுது கண்ணு. பழசையெல்லாம் எதுக்கு இழுத்துட்டு வாரே" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னால் கேட்கிற பிள்ளையா அவன்? தொண்ணூற்றாறாம் வருஷம் அது. சரவணம்பட்டியில் அவன் கட்டிய வீட்டுக்கு மொசைக் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்து ஒறம்பரைசனம், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கொடுத்தாகிவிட்டது. நூல் ஏஜென்சியில் நாலு காசு பார்த்தவன், வருகிறவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி ஹாலில் எதை வைக்கலாம் என்று ஒரு மாதமாக அலைந்தான். கடைசியில் தேடிப் பிடித்து இதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான்.

அவனுடைய நாயனா, அதாவது அம்புஜத்தின் புருஷன் வரதராஜுலு செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பீளமேட்டில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறவர்கள் உண்டு. பஞ்சு ஜின்னிங் ஃபேக்டரி, நெற்றியில் நாமம், வாயைத் திறந்தால் நியாயம். கல்யாணமான புதிதில் அம்புஜம் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு ரேடியோ வாங்கித் தாருங்கள் என்று கேட்டாள். "பாட்டுக் கேட்டுட்டுக் குந்தற பொம்பளை இருக்கற ஊடு வெளங்காது" என்றார். அவள் அதோடு விட்டுவிட்டாள். சில வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு, ஒப்பணக்காரத் தெருவில் அவரே கடைக்குள் ஏறிப் பொறுக்கி எடுத்து ஒரு வால்வு ரேடியோ வாங்கினார். அது பீளமேட்டுக்கு வரவில்லை. நேராகக் கிணத்துக்கடவுக்குப் போனது.

அங்கே தென்னந்தோப்புச் சாளையில், தோட்டத்து வீட்டில், நாச்சியம்மாள் இருந்தாள். வைத்துக்கொண்ட உறவு. தாலி கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் பெண்டாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உங்ககிட்டச் சொல்லக்கூடாதுங்க, ஆனாலும் மனசு கேக்கல" என்று ஆரம்பித்து, ரேடியோ என்ன நிறம், மேலே என்ன துணி போட்டு மூடியிருக்கிறது, பொழுதோடு அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு எப்படிப் பாட்டுக் கேட்பார் என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அம்புஜம் ஆக்கிய சோற்றை அவர் ஆற அமர உட்கார்ந்து தின்றார். ரசம் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். சீ, என்ன மனுஷன்.

பிறகு நாச்சியம்மாள் காய்ச்சலில் செத்துப்போனாள். வரதராஜுலு வயிற்றுவலி என்று சொல்லி அறைக்குள் சுருண்டு படுத்துக்கொண்டார். எந்த வயிறு, என்ன வலி என்று தெரிந்துகொண்டே அம்புஜம் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அந்தக் கஞ்சியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தொண்டையில் கசக்கும். ஆனால் ஒரு வார்த்தை மகன் காதில் போட்டதில்லை. அப்பனை அசிங்கப்படுத்தினால் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கமாட்டான் என்று எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள். சசிதருக்கு நாயனா தெய்வம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தாள். இப்போது அந்தத் தெய்வத்தின் வைப்பாட்டி வீட்டு ரேடியோ இவள் வீட்டுப் பின்வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் கோட்டைமேட்டிலிருந்து அப்துல் முத்தலிப் வந்தார். பழைய ரேடியோ ரிப்பேர் என்றால் அவர்தான் என்று யாரோ சசிதருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆள் கொஞ்சம் முன்கோபி. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பார். சசிதர் திருப்பூருக்குக் கிளம்புகிற அவசரத்தில், "அம்மா இருக்காங்க பாய், எதுனாலும் அவங்ககிட்டச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்படித்தான் இந்த வேலை அம்புஜத்தின் தலையில் விழுந்தது. மருமகள் பகலெல்லாம் புது வீட்டிலேயே கிடந்தாள், பாலிஷ்காரர்களை மேய்க்க.

முத்தலிப் பின்பக்கத்து அட்டையைக் கழற்றினார். உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டுப் பழைய பேப்பர் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கீழே விரித்தார்.

வைக்கோலும் பஞ்சும் கடித்துத் துப்பிய துணியுமாக ஒரு எலிக்கூடு. அதற்குள் ரோமம் முளைக்காத குட்டி ஒன்று அப்பளம் மாதிரி காய்ந்து ஒட்டிக் கிடந்தது. பல்லி முட்டை ஓடுகள். கரப்பான் இறக்கைகள். வால்வுகளின் மேல் மூத்திரம் வழிந்து மஞ்சளாகக் காய்ந்த கறை. கம்பிகளின் மேலிருந்த ரப்பர் தொட்டால் உதிர்ந்தது. மெழுகு உருகி ஒழுகி அதில் புழுக்கைகள் பதிந்திருந்தன. முத்தலிப் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய பேப்பரில் போட்டார். காய்ந்த குட்டியைப் பிடுங்கும்போது அதன் வால் அறுந்து உள்ளேயே தங்கிவிட்டது. அம்புஜம் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் ஓடிப் போய் வாந்தியெடுத்தாள்.

"ஏனுங்கம்மா, ஒத்துக்காதவங்க எதுக்குங்க இங்க நிக்கறீங்க? உள்ள போய்க் கொஞ்சம் படுங்களேன்" என்றார் முத்தலிப், தலையைத் தூக்காமல்.

அவள் போகவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் நின்றாள். ஏன் நிற்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில், தேக்குப் பலகையில், ஒரு விரல் சுண்ணாம்பு இழுப்பு இருந்தது. வெற்றிலைக்குத் தடவின மிச்சத்தை யாரோ அதில் துடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. அந்த விரல் யாருடையது என்று அம்புஜத்துக்குத் தெரியும். டெட்டாலைக் கொண்டுவந்து தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தாள். சுண்ணாம்பு போயிற்று, தடம் போகவில்லை. பாலிஷ் உரிஞ்சுபோகும் என்று முத்தலிப் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

"இதை இப்பவே பிளக்குல சொருகிப் பாத்துட்டா என்னங்க பாய்? ஓடுனா ஓடட்டும், ஓடாட்டித் தூக்கிக் கடாசிப்போடலாம்" என்றாள் அம்புஜம்.

முத்தலிப் குறடைக் கீழே வைத்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. இருவது வருசத்துக்கு மேல மூச்சுப் பேச்சில்லாமப் படுத்துக் கெடந்தவனை எழுப்பி உக்கார வெச்சு உடனே மூட்டை தூக்குடான்னா என்னாவான்? அதே கததாங்க. இதுக்குள்ள கண்டன்சர்னு ஒண்ணு இருக்குது பாருங்க, இந்தத் தகர டப்பி. உள்ள பசை மாதிரி ஒரு சரக்கு. சும்மாவே கெடந்ததுல அது கெட்டுப்போயிருக்கும். ஒரேயடியாக் கரண்டை உட்டா சூடாகி வெடிச்சுப்போடும். கொஞ்சங் கொஞ்சமாக் கரண்டு காட்டி, பழக்கி, மேல ஏத்தோணும். நாலஞ்சு நாளைக்கு மேல புடிக்குங்க. அவசரப்பட்டா எல்லாம் போச்சு."

வெடித்துப்போகும் என்ற சொல் அம்புஜத்தின் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. வெடிக்கட்டுமே. வெடித்துச் சாம்பலாகப் போகட்டும். அந்தக் கர்மத்தைப் புது வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்காமல் இருக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. மகனிடம் காரணத்தைச் சொல்ல முடியாது. சொல்லாமல் தடுக்கவும் முடியாது. அதுவாக எரிந்து தொலைந்தால்தான் உண்டு.

மறுநாளிலிருந்து முத்தலிப் தினமும் வந்தார். இற்றுப்போன ஒயரை அறுத்துப் புதுசு போட்டார். தகர டப்பிக் கண்டன்சருக்கு மட்டும் தனியாகக் கம்பி இழுத்து முதலில் கொஞ்சம் கரண்டு, அப்புறம் இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு டிம்மர்ஸ்டாட்டில் மாட்டினார். மேலே ஒரு வட்டக் குமிழ், திருகத் திருக வோல்ட் ஏறும். நடுவே பலகையில் ஒரு குண்டு பல்பு. சுவரிலிருந்து வருகிற கரண்டு இந்தப் பல்பு வழியாகத்தான் ரேடியோவுக்குப் போகும்.

"இதுதாங்க நமக்குக் காவக்காரன்" என்றார். "பல்பு மங்கலா எரிஞ்சா ஒண்ணும் பிரச்சனை இல்லை. பளிச்சுன்னு எரிஞ்சா உள்ள எங்கியோ ஷார்ட்டுன்னு அர்த்தம். உடனே ஆப் பண்ணிப்போடுங்க. கருகுன வாடை வந்தாலும் அப்படித்தான். நான் தொழுதுட்டுச் சாப்புட்டு வாரேன். அது வரைக்கும் பாத்துக்குங்க. குமுழைத் தொட்றாதீங்க."

அவர் போனதும் அம்புஜம் முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பல்பு மங்கலாக எரிந்தது. ரேடியோவின் கண்ணாடிக்குப் பின்னால் லேசாக ஒரு வெளிச்சம். ஊர்ப் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. வீட்டில் யாரும் இல்லை. கை தானாகக் குமிழுக்குப் போனது. ஒரு திருகு திருகினால் போதும். பாய் வந்து கேட்டால், எனக்கென்னங்க தெரியும், திடீர்னு புகைஞ்சுதுங்க என்று சொல்லிவிடலாம். திருகினாள். பல்பு கொஞ்சம் தெளிந்தது. ரேடியோவுக்குள்ளிருந்து 'ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பியது. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு பேசுவதற்குத் தொண்டையைச் சரிசெய்கிற மாதிரி இருந்தது. அம்புஜத்துக்கு மேலெல்லாம் கூசியது. பட்டென்று பழைய இடத்துக்கே திருகிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அதைக் கொல்லக்கூடத் தொடவேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் முத்தலிப் கருவிகளைப் பையில் போட்டுக் கட்டினார். டிம்மர்ஸ்டாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். அது கடன் வாங்கியது. பல்புப் பலகையை மட்டும் ரேடியோவோடு விட்டுவைத்தார். சசிதர் அன்றைக்கும் திருப்பூரில்.

"பவானியில அக்கா மகளுக்குக் கல்யாணம். செவ்வாக்கிழமை வந்துருவேனுங்க. இதுல ரெண்டு கண்டன்சர் தேறாது, மாத்தோணும். நாளைக்கு விசேசத்துக்குச் சும்மா பார்வைக்கு வெச்சுக்கட்டும். ஓட்ட வேண்டாம். நேரா பிளக்குல சொருகவே கூடாது. தம்பிகிட்ட மறக்காமச் சொல்லிப்போடுங்க."

"சரிங்க பாய்" என்றாள் அம்புஜம்.

"இன்னொண்ணுங்க. இது முக்கியம்." அவர் ரேடியோவின் முகப்பைக் காட்டினார். நாலு திருகு பட்டனில் ஓரத்தில் இருந்தது உடைந்துபோய், உள்ளேயிருந்த இரும்புக் கம்பி மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆன் ஆஃப் பண்ணுகிறதும் சத்தம் கூட்டுகிறதும் அதில்தான். இப்போது அது ஆனிலேயே கிடந்தது. "இந்த ரேடியோவுல டிரான்ஸ்பார்மர் கெடையாது. ஊட்டுக் கரண்டு நேரா உள்ள வரும். ரெட்டைப் பின் பிளக்கு, மாத்திச் சொருகிட்டா உள்ள இருக்கற தகடு அத்தனையும் கரண்டு. இந்தக் கம்பியும்தான். ஈரக் கையோட புடிச்சா ஆளை உடாது. குழந்தை குட்டி இருக்கற ஊடு. வேற பட்டன் கொண்டாந்து மாட்டற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது."

"சொல்லிர்றேனுங்க" என்றாள்.

ராத்திரி சசிதர் வந்தான். சாப்பிட உட்கார்ந்தான். அம்புஜம் தோசை ஊற்றினாள், சட்னி போட்டாள், தண்ணீர் வைத்தாள். வேன்காரன் ரேடியோவைப் புது வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டானா என்று அவன் கேட்டான். இறக்கிவிட்டான் என்றாள். பாய் சொன்னதை அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றெல்லாம் தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் இல்லை. சொல்லக்கூடாது என்றே முடிவு பண்ணிவிட்டாள். எரியட்டும். பேத்திக் குழந்தையை மட்டும் பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரியவர்கள் சுவரில் இருக்கிற சுவிட்சைத்தான் போடுவார்கள், மொட்டைக் கம்பியை எவன் தொடப்போகிறான் என்று கணக்குப் போட்டாள்.

விடிகாலையில் புது வீட்டுக்குள் பசுவும் கன்றும் போய்ச் சாணி போட்டு, எல்லோரும் நல்ல சகுனம் என்று கொண்டாடி, தரையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளினார்கள். அம்புஜம் உள்ளே வந்து ஹாலைப் பார்த்தாள். பார்த்ததும் பச்சென்று ஒரு அருவருப்பு நெஞ்சுக்குள் இறங்கியது. தேக்கு ஸ்டாண்டின் மேல் அந்த ரேடியோ. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். அதற்கு நேர் மேலே சுவரில் வரதராஜுலுவின் படம், அதற்கும் மாலை. புருஷனும் பெண்டாட்டியும் மணையில் உட்கார்ந்த மாதிரி ஜோடியாக இருந்தார்கள். வந்த பெண்கள், "மாமா அப்படியே சிரிக்கறாரு பாருங்க" என்றார்கள். ஆமாம், ஏன் சிரிக்கமாட்டார்?

பால் பொங்கியது. ஜோசியர் நஞ்சுண்டன் கை கூப்பிவிட்டு, "முகூர்த்தம் முடியறதுக்குள்ள ஊட்டுல ஓடற சாமான் அத்தனையும் ஒருக்கா ஓட்டி நிறுத்திப்போடுங்க. ஃபேன், மிக்ஸி, கெணத்து மோட்டாரு, எல்லாம். நல்ல நேரத்துல ஓடுனது பழுதில்லாம ஓடும்" என்றார். அவர் போகிற கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் இதைச் சொல்வார். எல்லோரும் செய்வார்கள். ஒருத்தன் ஃபேன் சுவிட்சைப் போட்டான், மருமகள் வெறும் மிக்ஸியை ஓட்டினாள், வெளியே மோட்டார் உறுமியது. சசிதர் ரேடியோவிடம் போனான். கையெல்லாம் மஞ்சள் தண்ணீர், வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தான், வெறுங்கால்.

பின்னாலிருந்த பல்புப் பலகையைப் பார்த்து அவன் முகத்தைச் சுளித்தான். "இது எதுக்கு அசிங்கமாத் தொங்குது" என்று பிடுங்கி ஓரமாக வைத்தான். ரேடியோவின் பிளக்கைக் கையில் எடுத்தவன், என்ன நினைத்தானோ, திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"ஏம்மா, பாய் எதாச்சும் சொன்னாரா? போடலாமில்ல?"

ஹாலில் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்புஜம் பேத்தி லாஸ்யாவை இழுத்துத் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லலியே கண்ணு" என்றாள். "போடு."

பிளக்கைச் சொருகி, சுவரில் சுவிட்சைத் தட்டினான். கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் கை தட்டின. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த முனகல் வந்தது, முனகல் உறுமலாயிற்று. உறுமலுக்கு நடுவே யாரோ ஒருத்தர் ஏதோ செய்தி வாசிக்கிற குரல் நாலு வார்த்தை கேட்டது. "பேசுதும்மா" என்று சசிதர் குழந்தை மாதிரிச் சிரித்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள் உள்ளே பட்டாசு போல வெடித்தது. பின்பக்கத்திலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பியது. எரிந்த ரப்பரும் அழுகிய மீனும் எலி மூத்திரமும் சேர்ந்து வறுபடுகிற மாதிரி ஒரு நாற்றம். பெண்கள் பட்டுச்சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பழுப்பாக ஏதோ ஒரு குழம்பு ஸ்டாண்டின் வழியே ஒழுகிப் புதுத் தரையில் சொட்டியது. கேசரித் தட்டோடு நின்றிருந்த ஒரு அம்மாள் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனாள்.

அம்புஜத்துக்கு அந்த நாற்றம் இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இனிக்கத்தான் செய்தது. தொலைந்தது பீடை என்று அவள் மூச்சை விட்ட நேரத்தில், சசிதர் சுவர் சுவிட்சுக்குப் போகவில்லை. அவன் கை நேராக முகப்புக்குப் போனது. தினமும் செய்து பழகினவன் மாதிரி, பார்க்காமலே, ஓரத்தில் நீட்டியிருந்த மொட்டைக் கம்பியைப் பிடித்துத் திருகப் பார்த்தான்.

பிடித்த கை விடவில்லை. உடம்பு விறைத்துத் தூக்கித் தூக்கிப் போட்டது. வாய் கோணிக்கொண்டது. அருகே நின்றவர்கள் ஆடுகிறான் என்று நினைத்தார்களா, பயந்தார்களா தெரியவில்லை, யாரும் அசையவில்லை. என்ன நடக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் அம்புஜம் ஒருத்திக்குத்தான் தெரியும். குழந்தையைத் தள்ளிவிட்டு ஓடினாள். அறுபதை நெருங்குகிற உடம்பு, ஈரத்தில் வழுக்கி முட்டி அடிபட்டது, எழுந்து சுவரில் சுவிட்சை ஓங்கி அடித்தாள். சசிதர் அறுந்த கொடித்துணி மாதிரித் தரையில் விழுந்தான்.

அதற்கப்புறம் ஒரே களேபரம். ஒருத்தர் காலைத் தேய்த்தார். ஒருத்தர் கார் எடுக்க ஓடினார். மருமகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்புஜம் மகன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "சசி, சசி, கண்ணு" என்று கன்னத்தைத் தட்டினாள். விரல்களில் தோல் வெள்ளையாக வெந்திருந்தது. மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். தண்ணீர் கேட்டான். ஒரு வாய் குடித்தான்.

"சின்னம்மா தொட உடமாட்டாங்க" என்றான்.

குரல் மெல்லிசாக இருந்தது. குனிந்திருந்த அம்புஜத்துக்கு மட்டும்தான் கேட்டது. அவளுக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. வரதராஜுலுவுக்குத் தம்பியும் கிடையாது. இவன் சின்னம்மா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தியும் இல்லை.

"யாரைச் சொல்றே?" என்றாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கிணத்துக்கடவு சின்னம்மா." அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவேன்னுதான் நான் சொன்னதே இல்லம்மா. லீவு உட்டா நாயனா என்னையக் கூட்டிட்டுப் போவாரு. நான்தான் அந்தப் பட்டனை உடைச்சேன். அதுக்கப்புறம் நான் ரேடியோகிட்டப் போனாலே, எந்த வேலையா இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வந்து என் கையப் புடிச்சுக்குவாங்க. தொட்டா கரண்டு புடிச்சு இழுத்துரும் கண்ணுன்னு சொல்லி, துணியச் சுத்தி அவங்களே திருகி உடுவாங்க. ஒரு நாக்கூடத் தொட உட்டதில்லம்மா. நான் மறந்தே போயிட்டேன்."

அம்புஜம் அவன் தலைமுடியில் வைத்த கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷமாக எந்தப் பெயரை நினைத்தாலே காறித் துப்பத் தோன்றியதோ, அந்தப் பெயருக்குரியவள் ஓடி வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஓடி வந்திருக்கிறாள்.

"நீ என்ன பண்ணுவே" என்றான் சசிதர், அவளுக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி. "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா நீயும்தான் உட்டிருக்கமாட்டே."

புகை இன்னும் அடங்கவில்லை. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை முத்தலிப் பாய் பவானியிலிருந்து வந்து, நான்தான் அம்மாகிட்ட அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனேனே என்று இதே வாசலில் நின்று கேட்பார். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மகன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங் கண்ணு" என்றாள் அம்புஜம். "எனக்கெப்படித் தெரியும்?"

சொல்லி முடித்ததும் வாயெல்லாம் கசந்தது. துப்பவேண்டும் போல இருந்தது. மடியில் மகன் தலை இருந்ததால் அவள் அதை விழுங்கினாள்.